முடிச்சை நூல் தீர்மானிக்கட்டும்

கோடை வந்துவிட்டால் நோர்வேயில் தமிழ்க் குரல் கேட்காத இறங்குதுறைகள் குறைவு. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்பா தடியைப் பிடித்திருப்பார், பிள்ளைகள் வாளியைச் சுற்றி நிற்பார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மப்பா மடிப்புக் கதிரையில் இருந்தபடி எல்லாருக்கும் புத்தி சொல்லுவார். மக்ரெல் கூட்டமாக வரும் நாளில் முடிச்சைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. அரைக் கிலோ மீனுக்கு எந்த முடிச்சும் போதும். பெரிய சேய் ஒன்று கொளுவி, தடி வில்லாக வளைந்து, பிறகு சட்டென்று நிமிரும்போதுதான் "நூல் அறுந்திட்டுது" என்ற பேச்சு வரும். அடுத்த நாள் கடைக்குப் போய் இன்னும் தடித்த நூல் வாங்கி வருவார்கள். அதுவும் அறும்.

பெரும்பாலும் அறுந்தது நூல் அல்ல, முடிச்சு.

இதில் சந்தேகம் இருந்தால் திரும்பி வந்த நூலின் நுனியை வெட்டி எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி பாகற்கொடியின் பற்றுக்கம்பி போலச் சுருண்டிருந்தால், முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. சுருள் இல்லாமல் ஓரிடத்தில் முறிந்ததுபோல நின்றால், முடிச்சுக்குள்ளே நூல் தன்னைத்தானே நெரித்து அறுத்திருக்கிறது, அல்லது பல்லுள்ள மீன் ஒன்று கடித்திருக்கிறது. கடைசி ஒரு முழம் சுரசுரப்பாக இருந்தால் அது பாறையில் உராய்ந்த நூல். அங்கே முடிச்சின் மேல் குற்றமில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. தடித்த நூல் வாங்குவது மூன்றாவதற்கு மட்டும் ஓரளவு உதவும். முதல் இரண்டுக்கும் அது தீங்காகக்கூட முடியும். ஏனென்றால் நூல் தடிக்கத் தடிக்க முடிச்சை இறுக்குவது கடினம்.

எமது ஆட்களுக்கு முடிச்சுத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நோர்வேக்கும் எமக்குமான உறவே கடலில்தான் தொடங்கியது. 1956இல் இங்கு வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்து அன்ரனி ராஜேந்திரம், நோர்வே நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கிய சீநோர் நிறுவனம்தான் பின்னர் குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் காரைநகரில் படகுத்துறையையும் நடத்தியது. 1980களில் வந்தவர்களில் பலர் வட நோர்வேயின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். கைத்தூண்டில் போட்டு வளர்ந்த கைகள் இப்போதும் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கைகள் போடும் முடிச்சு பிழையும் அல்ல. தடித்த தங்கூசிக்கு அது சரியான முடிச்சு. இன்று மகன் வாங்கி வைத்திருக்கும் றீலில் சுற்றியிருப்பதோ தங்கூசி அல்ல. நூல் மாறிவிட்டது, முடிச்சு மாறவில்லை. அம்மப்பாவுக்கும் பேரனுக்கும் இறங்குதுறையில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி இதனால் வருவது.

கடையில் கிடைப்பது மூன்று வகை நூல். முதலாவது நாங்கள் தங்கூசி என்று அறிந்த ஒற்றை இழை நைலோன். 1938இல் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் நைலோனை உலகுக்கு அறிவித்தது. அதன் பிறகு மீன்பிடியில் பட்டு, பருத்தி, சணல் எல்லாம் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டன. தங்கூசி இழுபடும், மென்மையானது, முடிச்சுக்குள் கொஞ்சம் நசிந்து கொடுக்கும். அதனால்தான் அது முடிச்சுப் போடுபவனை மன்னிக்கும் நூல். ஒரு சுற்றுக் குறைந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதன் குறை, வெயிலில் பழுதாவதும் தண்ணீர் குடித்துச் சிறிது பலம் இழப்பதும். போன வருடம் பல்கணியில் விட்ட நூலை இந்த வருடம் நம்பவேண்டாம்.

இரண்டாவது புளோரோகாபன். பார்வைக்குத் தங்கூசி போலவே இருக்கும். யப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் இதை மீன்பிடிக்குக் கொண்டுவந்தது. ஒளி இதனூடாகச் செல்லும் விதம் தண்ணீரினூடாகச் செல்வதற்கு நைலோனைவிட நெருக்கமானது. அதனால் தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். அடர்த்தி நைலோனின் ஒன்றரை மடங்கு, ஆகவே விரைவாகத் தாழும். கல்லில் உராய்வதையும் நன்றாகத் தாங்கும். ஆனால் விறைப்பானது. மேற்பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்திலேயே முறியும். அவசரமாக, உலர்ந்தபடி இறுக்கினால் முடிச்சே அந்தக் கீறலைப் போட்டுவிடும்.

மூன்றாவது பின்னல் நூல். இன்று ஒஸ்லோவிலோ பேர்கனிலோ வாங்கும் றீல்களில் பெரும்பாலும் இதுதான். நான்கு அல்லது எட்டு மெல்லிய பொலிஎதிலீன் புரிகளைப் பின்னிச் செய்தது. பிளாஸ்ரிக் பைக்கும் இதற்கும் மூலப்பொருள் ஒரே குடும்பம் என்றாலும், இதில் மூலக்கூறுகள் மிக நீண்டு ஒரே திசையில் படுத்திருக்கும். பலம் அங்கிருந்து வருகிறது. 0.30 மில்லிமீற்றர் தங்கூசி ஏறத்தாழ 6, 7 கிலோ தாங்கும் என்றால், அதே பாரத்தைத் தாங்கும் பின்னல் நூல் அதன் பாதித் தடிப்புக்கூட வராது. இழுபடவே மாட்டாது என்று சொல்லலாம். அறுபது மீற்றர் ஆழத்தில் மீன் இரையைத் தொட்டாலும் விரலுக்குத் தெரியும். இவ்வளவு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. அது எண்ணெய் பூசியதுபோல வழுக்கும். தங்கூசி முடிச்சுக்குள் நசிந்து ஒன்றையொன்று கவ்வும். பின்னல் நூல் கவ்வாது. ஐந்து சுற்றுப் போட்ட பழைய முடிச்சு கரையில் நின்று கையால் இழுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். பெரிய மீன் நிறுத்தாமல் இழுக்கும்போது அது மெல்ல மெல்ல நகர்ந்து கழன்றுவிடும். நூல் சுருண்ட நுனியோடு திரும்பி வரும்.

முடிச்சு ஏன் நூலைப் பலவீனமாக்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நேராக நிற்கும் நூலில் பாரம் எல்லா இழைக்கும் ஒன்றுபோலப் பகிரப்படும். கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்பக்கம் அதிகமாக இழுபடும், உட்பக்கம் நசியும். ஒரு சாதாரண ஒற்றை முடிச்சு, அதுவும் காற்றில் எறியும்போது தானாக விழும் முடிச்சு, நூலின் பலத்தில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். நல்ல முடிச்சு என்பது பாரத்தைப் பல சுற்றுகளில் மெல்ல மெல்லக் குறைத்து, கடைசி வளைவுக்குக் கொஞ்சம் மட்டும் விட்டுவைப்பது. இரண்டாவது காரணம் சூடு. உலர்ந்த முடிச்சைச் சடாரென்று இறுக்கினால் நூல் நூலோடு உராய்ந்து சூடேறும். நைலோன் உருகுவதற்கு 200 பாகைக்கு மேல் வேண்டும். பின்னல் நூலின் பொலிஎதிலீனுக்கு 150 பாகையே போதும். கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், ஒரு கணத்தில் நடக்கும் காரியம் இது. ஊரில் பெரியவர்கள் முடிச்சை வாயில் வைத்து எச்சிற்படுத்தி இறுக்குவார்களே, அதற்கு இதுதான் விளக்கம். பழக்கமென்று நினைத்து இளையவர்கள் சிரிக்கிறார்கள். கடல் தண்ணீரில் தோய்த்தாலும் சரிதான், ஆனால் நனைக்காமல் இறுக்கவே கூடாது.

இனி முடிச்சுகளுக்கு வருவோம். யூரியூப்பில் நூறு முடிச்சு கிடக்கிறது. ஒவ்வொன்றும் உலகிலேயே பலமானது என்று தலைப்புப் போட்டிருப்பார்கள். இருட்டில், விறைத்த விரலோடு, படகு ஆடும்போது போட முடிகிற முடிச்சுத்தான் பலமான முடிச்சு. ஒரு குடும்பத்துக்கு மூன்று போதும், நான்கு தாராளம்.

ஒன்றே ஒன்றைத்தான் பழகுவேன் என்பவருக்கு யூனி முடிச்சைச் சொல்வேன். அமெரிக்க மீன்பிடி எழுத்தாளர் விக் டனவே பரப்பிய முடிச்சு இது; பிரித்தானியாவில் இருப்பவர்கள் கிரினர் என்ற பெயரில் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். நூலின் நுனியைத் தூண்டிற் கண்ணுக்குள்ளால் விட்டு ஒரு சாண் அளவு வெளியே எடுங்கள். நுனி நூலும் தாய் நூலும் பக்கத்தில் பக்கத்தில் ஒன்றாகக் கிடக்கட்டும். இப்போது நுனியைத் தூண்டிலை நோக்கித் திருப்பி, இரண்டு நூலின் மேலும் ஒரு வளையமாக மடியுங்கள். அந்த வளையத்துக்குள்ளால் நுனியை விட்டு, இரண்டு நூலையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றி வாருங்கள். தங்கூசி என்றால் ஐந்து சுற்று. பின்னல் நூல் என்றால் எட்டு. தடித்த புளோரோகாபன் என்றால் மூன்று, கூடினால் நான்கு. அதற்கு மேல் போட்டால் இறுக்க முடியாது, இறுகாத முடிச்சு வழுக்கும். பிறகு நனைத்து, நுனியை இழுத்துச் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்காக வரும்படி செய்து, கடைசியாகத் தாய் நூலை இழுத்தால் முடிச்சு வழுக்கிக்கொண்டு போய்க் கண்ணில் உட்காரும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பத்துச் சென்ரிமீற்றர் நூலின் விலையை நினைத்து யாரும் மீனை இழக்கவேண்டியதில்லை.

பின்னல் நூலை நேரடியாகத் தூண்டிலிலோ சுழலியிலோ கட்டுவதற்குப் பலோமார் இன்னும் நல்லது, போடவும் இலகு. நூலை ஒரு சாண் நீளத்துக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பைக் கண்ணுக்குள்ளால் விடுங்கள். இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். தூண்டில் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். மிஞ்சியிருக்கும் மடிப்பு வளையத்துக்குள்ளால் தூண்டிலை முழுவதுமாக நுழைத்து எடுங்கள். வளையம் கண்ணையும் தாண்டி மேலே வரவேண்டும். நனைத்து, தாய் நூலையும் நுனியையும் ஒன்றாகப் பிடித்து இழுத்து இறுக்குங்கள். கண்ணுக்குள் இரட்டை நூல் இருப்பதுதான் இதன் பலம். தூண்டிற் கண் என்பது வளைத்த கம்பிதானே. மலிவான தூண்டிலில் கம்பியின் முனை சரியாக மூடாமல் ஒரு மயிரிடை விடுபட்டிருக்கும். மெல்லிய பின்னல் நூல் அந்த இடைவெளியில் போய் அறுபடுவதுண்டு. இரட்டை நூலுக்கு அந்த ஆபத்துக் குறைவு. பலோமாரின் வசதிக்குறைவு, தூண்டில் முழுவதும் வளையத்துக்குள்ளால் போகவேண்டும் என்பது. இரண்டு மூன்று முக்கவர்த் தூண்டில் தொங்கும் பெரிய செயற்கை இரையில் இதைப் போட முயன்றால் விரலில்தான் கொளுவும். அதற்கு யூனியே போதும்.

எங்கள் ஆட்களில் அதிகம் பேர் போடுவது கிளிஞ்ச். கண்ணுக்குள்ளால் விட்டு, தாய் நூலை ஐந்தாறு முறை சுற்றி, நுனியைக் கண்ணுக்கு அருகிலுள்ள சிறு துவாரத்தில் விட்டு, பிறகு உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் ஒரு முறை விட்டு இழுப்பது. பெயர் தெரியாமலே இதைப் போடுபவர்கள் ஏராளம். 0.40 மில்லிமீற்றருக்கு உட்பட்ட தங்கூசிக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. பேரப்பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கவும் ஏற்றது. அதற்கு மேல் தடித்தால் சரியாக இறுகாது. பின்னல் நூலில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். அம்மப்பாவின் முடிச்சைக் குறைசொல்லத் தேவையில்லை, அவரிடம் தங்கூசி சுற்றிய றீலைக் கொடுங்கள்.

கண்ணே இல்லாத தூண்டில் வேறு கதை. தலை தட்டையாக அடிக்கப்பட்டிருக்கும். ஊரில் கைத்தூண்டில் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. ஐரோப்பியக் கடைகளில், குறிப்பாகச் சிறு மீனுக்கான தூண்டில்களில், இன்றும் நிறையக் கிடைக்கிறது. நோர்வேயின் மஸ்டாட் நிறுவனம் 1832இல் தொடங்கியது, அவர்கள் தூண்டில் உற்பத்திக்கு வந்தது 1877இல். அவர்களுடைய பட்டியலில் தட்டைத்தலையும் உண்டு, கண்ணுள்ளதும் உண்டு. தட்டைத்தலைக்கு நூலைத் தூண்டிலின் தண்டிலேயே சுற்றிக் கட்டவேண்டும். நூலைத் தண்டோடு சேர்த்துப் படுக்கவைத்து, நுனியைத் திருப்பி ஒரு வளையம் ஆக்கி, அந்த வளையத்துக்குள்ளால் நுனியை விட்டுத் தண்டையும் நூலையும் சேர்த்து ஏழெட்டு முறை சுற்றி, நனைத்து இறுக்கி, சுற்றுகளைத் தலைப்பக்கம் தள்ளி உட்காரவைப்பது. யூனி தெரிந்தவருக்கு இது அதே வேலைதான், கண்ணுக்குப் பதிலாகத் தண்டு. முக்கியமான ஒன்று: நூல் தட்டைத்தலையின் உட்பக்கத்தால், அதாவது தூண்டிலின் கூர் பார்த்திருக்கும் பக்கத்தால், வெளியேற வேண்டும். முதுகுப் பக்கத்தால் வந்தால் தலையின் விளிம்பு கத்திபோல நூலை அரிக்கும். இந்தக் கட்டில் நூல் தண்டின் நேர்கோட்டில் இழுப்பதால் தூண்டில் நன்றாக ஏறும்; கண்ணுள்ள தூண்டிலிலும் விரும்பினால் இப்படிக் கட்டலாம். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு இது கை பழகிய கட்டாக இருந்தால், அவரிடம் கேட்டுப் பழகுங்கள். எந்தக் காணொளியையும்விட அது தெளிவாக இருக்கும்.

செயற்கை இரை உயிருள்ளதுபோல ஆடவேண்டுமானால் முடிச்சு கண்ணை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. ஒரு திறந்த வளையம் வேண்டும். லெஃப்டி கிரே என்ற அமெரிக்கர் பிரபலமாக்கிய வழுக்காத வளையமுடிச்சு இதற்கு உண்டு. இரையிலேயே ஒரு சிறு உருக்கு வளையம் பூட்டியிருந்தால் அது தேவையும் இல்லை. பெரும்பாலான உலோக மீன்களில் அது பூட்டித்தான் வருகிறது.

பின்னல் நூலைப் பாவிப்பவர்கள் அதன் முனையில் ஒன்றிரண்டு மீற்றர் தங்கூசியோ புளோரோகாபனோ சேர்க்கவேண்டும். இதை லீடர் என்பார்கள். பின்னல் நூல் கல்லில் பட்டால் ஒரு நொடியில் போய்விடும். நோர்வேக் கரைகளோ முழுக்கக் கல். இரண்டு வேறு இயல்புள்ள நூல்களைச் சேர்க்கும் இந்த இடம்தான் பலருக்குச் சிக்கல். யூனி தெரிந்தால் இரட்டை யூனி உடனே வரும்: இரண்டு நூலையும் எதிரெதிராகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றாலும் மற்றதைச் சுற்றி ஒரு யூனி. பின்னல் பக்கம் எட்டு, லீடர் பக்கம் நான்கு. இரண்டையும் தனித்தனியே இறுக்கிய பின் தாய் நூல்களை இழுத்தால் முடிச்சுகள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். எஃப்ஜி என்ற முடிச்சு இதைவிட மெலிது, இதைவிடப் பலமானது. அதில் லீடர் வளைவதே இல்லை. பின்னல் நூல் அதன்மேல் இடமும் வலமுமாக இருபது முறை மாறி மாறிச் சுற்றி, இழுக்க இழுக்க நெரித்துப் பிடிக்கிறது. பிள்ளைகள் விரலை நுழைத்து விளையாடும் ஓலைக்குழாய் போன்ற தத்துவம். ஆனால் நூலை விறைப்பாக வைத்துக்கொண்டே சுற்றவேண்டும். வீட்டு மேசையில் அழகாக வரும், காற்றடிக்கும் பாறையில் வராது. என் கணக்கில், நாள் முழுவதும் எறிந்து எறிந்து பிடிப்பவர் மட்டும் அதற்கு நேரம் செலவழிக்கலாம். படகிலிருந்து நேரே கீழே விடுபவருக்கு அதுகூட வேண்டாம். நடுவில் ஒரு சிறு சுழலியைப் போட்டு ஒரு பக்கம் பலோமார், மறுபக்கம் யூனி என்று கட்டிவிடலாம். சுழலி தடியின் வளையங்களுக்குள் போகாது, ஆகவே லீடர் தடியைவிடக் குட்டையாக இருக்கட்டும்.

எந்த முடிச்சு உங்கள் நூலுக்குச் சரி என்று என்னையோ கடைக்காரரையோ நம்பவேண்டியதில்லை. எங்கள் எல்லாருடைய வீட்டிலும் ஒரு சோதனைக்கருவி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கும் கைத்தராசு. ஒரு மீற்றர் நூலை எடுத்து, தூண்டிலுக்குப் பதிலாக இரண்டு சாவி வளையங்களைக் கட்டுங்கள். ஒரு நுனியில் யூனி, மறு நுனியில் கிளிஞ்ச். தூண்டிலையே வைத்துச் சோதிக்கவேண்டாம், அறும்போது அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. நூலை நனையுங்கள். ஒரு வளையத்தைத் தராசில் கொளுவி, மற்றதை ஒரு குறட்டால் பிடித்து மெல்ல மெல்ல இழுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் முதலில் போகிறதோ அது பலவீனமான முடிச்சு, எத்தனை கிலோவில் போனது என்பதைத் தராசு காட்டும். ஐந்து முறை செய்தால் உங்கள் கையின் தராதரமும் தெரிந்துவிடும். புதுத் தங்கூசியில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னல் நூலில் கிளிஞ்ச் அறாமலேயே கழன்று வருவதை அநேகமாகக் கண்ணாலே காணலாம். வாக்குவாதம் அத்தோடு முடியும். பெட்டியில் அச்சிட்ட கிலோவை உங்கள் முடிச்சு ஒருபோதும் எட்டாது என்பதும் அப்போது விளங்கும். றீலின் பிரேக்கை நூலின் பலத்தில் கால்வாசி, கூடினால் மூன்றிலொரு பங்கில் விட்டுக்கொடுக்கும்படி வைப்பது இதனால்தான். அதை அளக்கவும் அதே தராசு.

சிலர் பிரேக் பழுதென்று றீலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பல வேளைகளில் பழுது அங்கில்லை. பின்னல் நூலை வெறும் உலோகச் சுருளில் நேரடியாகச் சுற்றினால், முடிச்சு எவ்வளவு பலமாக இருந்தாலும், நூற்கட்டு முழுவதுமாகச் சுருளின்மேல் வழுக்கிச் சுழலும். முதலில் பத்து மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் இரட்டை யூனியால் பின்னல் நூலைச் சேர்த்துச் சுற்றுங்கள்.

முடிச்சைப் பற்றிக் கதைக்கும்போது எது அறக்கூடாது என்றுதான் எல்லாரும் பார்க்கிறோம். எது அறவேண்டும் என்பதும் முக்கியம். அடியில் கல்லில் கொளுவுவது நோர்வேக் கடலில் தினசரி நடப்பது. ஏதோ ஓரிடத்தில் அறுத்துத்தான் ஆகவேண்டும். லீடர் தாய் நூலைவிடப் பலமாக இருந்தால், அறுபடுவது பின்னல் நூலாக இருக்கும், அதுவும் எங்கேயென்று சொல்ல முடியாது. ஐம்பது மீற்றர் பின்னல் நூல் கடலடியில் தங்கிவிடும். அது உக்காது. கடற்பறவையின் காலில் சுற்றுவதும், மீன்களைப் பிணைப்பதும், அடுத்த படகின் சுழல்விசிறியில் சிக்குவதும் அதுதான். லீடரைத் தாய் நூலைவிட ஒரு படி பலம் குறைந்ததாக வைத்தால் தூண்டிலுக்குக் கிட்டத்தான் அறும். ஒன்றிரண்டு மீற்றர்தான் போகும். கொளுவிய நூலைக் கையில் சுற்றி இழுக்கவே கூடாது. பின்னல் நூல் விரலை எலும்புவரை வெட்டும். ஒரு மரத்துண்டில் நாலைந்து முறை சுற்றி, மரத்தைப் பிடித்து இழுங்கள்.

ஒஸ்லோவைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தோர்ஸ்க் அருகிப்போனதால் 2019 யூன் மாதத்திலிருந்து சுவீடன் எல்லை தொடங்கி டெலிமார்க் வரையான கரையோரத்தில் அதைப் பிடிக்கத் தடை. தவறுதலாகக் கொளுவினால் உயிரோடு திருப்பி விடவேண்டும். மற்றக் கரைகளிலும் 62ஆவது அகலக்கோட்டுக்குத் தெற்கே 40, வடக்கே 44 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தோர்ஸ்க் கடலுக்கே போகவேண்டியது. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் புறப்படுமுன் மீன்வளத் திணைக்களத்தின் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். கரைக்கு வந்த மீனின் வாயிலிருந்து தூண்டிலைக் குறட்டால் கழற்றி, ஈரக் கையால் பிடித்து விட்டுவிடலாம். பாதி வழியில் முடிச்சுக் கழன்ற மீனோ வாயில் தூண்டிலும், பின்னால் ஒரு ஈயக்குண்டும் இழுபட்டபடி போகும். அந்தக் குண்டு எங்காவது கல்லிடுக்கில் கொளுவினால் மீன் அங்கேயே கட்டுப்பட்டுச் சாகும். விடவேண்டிய மீனுக்குத்தான் நல்ல முடிச்சு அதிகம் தேவை.

கனடா, சுவீடன், பின்லாந்து பக்கம் நன்னீரில் பிடிப்பவர்களுக்கு ஒரு வரி. பைக் மீன் இருக்கும் ஏரியில் எந்த முடிச்சும் உதவாது. அதன் பல் நூலையே வெட்டும்; ஒரு சாண் கம்பி லீடர் போடுங்கள், முடிச்சைக் கம்பியின் வளையத்தில் போடுங்கள்.

வெட்டிய நுனிகள் சிறியவை என்று நிலத்தில் போடாதீர்கள். ஒரு சிறு போத்தலை இரைப்பெட்டியில் வைத்து அதற்குள் சேருங்கள். நுனியை நெருப்புப்பெட்டியால் சுட்டு உருண்டையாக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தச் சூடு முடிச்சுக்குள்ளும் போகும். மூன்று நான்கு மில்லிமீற்றர் நுனியை விட்டு வெட்டினால் போதும். பல்லால் கடிக்காமல் நகவெட்டியால் வெட்டுங்கள். பின்னல் நூலுக்குக் கூரான சிறு கத்தரிக்கோல் வேண்டும். ஒவ்வொரு பெரிய மீனுக்குப் பிறகும், ஒவ்வொரு முறை கல்லில் கொளுவி மீண்ட பிறகும் கடைசி இரண்டடி நூலை விரலிடுக்கில் இழுத்துப் பாருங்கள். சுரசுரப்புத் தட்டினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

குளிர்காலத்தில் கடற்கரையில் முடிச்சுப் போடுவது நடவாத காரியம். ஐந்து நிமிடத்தில் விரல் சொல்வழி கேட்காது. முதல்நாள் இரவே குசினி மேசையில் பத்து லீடரைத் தூண்டிலோடு கட்டி, ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒரு சுழலியைப் போட்டு, ஒரு ரெஜிபோம் துண்டில் சுற்றி வைத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பழக்குவதற்கும் அந்த மேசைதான் நல்லது. மெல்லிய நூலில் தொடங்கினால் சிறு கைகளுக்கு எரிச்சல்தான் வரும். சப்பாத்துக் கயிறு ஒன்றையும் ஒரு சாவி வளையத்தையும் கொடுங்கள். யூனியின் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவது அதில் கண்ணுக்குத் தெரியும். கயிற்றில் பத்துத் தரம் வந்த பிறகு தடித்த தங்கூசி, அதன் பிறகு பின்னல் நூல்.